கணுக்கால் முறிவு: பெரிய கீறலா, சின்னக் கீறலா? ஒரு பழைய சண்டையின் வரலாறு

1756 ஜனவரி மாதம். லண்டனில் ஓல்டு கென்ட் ரோட்டில் ஒருவர் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. விழுந்தவர் சாதாரண ஆள் இல்லை. செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட். உடைந்த காலோடு ஒருவரைத் தாறுமாறாகத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிரில் தரையிலேயே படுத்துக் கிடந்தார். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் வருவதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கினார் (ஆமாம், கதவைத்தான்). பல்லக்குக் கம்புகளை அந்தக் கதவில் ஆணியடிக்கச் சொல்லி, அதன்மேல் படுத்தபடியே வீடு போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் கூடிய மருத்துவர்கள் காலை வெட்டி எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் பெரும்பாலும் அதுதான் வைத்தியம். கருவிகள்கூடத் தயார். கடைசி நேரத்தில் பாட்டின் பழைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸ் வந்து சேர்ந்தார். காலைக் காப்பாற்ற முயன்று பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எலும்பு முறிவுகள் பற்றி பாட் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் கணுக்கால் முறிவு ஒன்றை விவரித்திருந்தார். அதற்கு 'பாட் முறிவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டுக்கு ஏற்பட்டது 'பாட் முறிவு' இல்லை. அவர் உடைத்துக்கொண்டது கணுக்காலை அல்ல, அதற்கு மேலே. ஆனாலும் பெயர் பொருத்தம் பார்த்து, அவர் கணுக்காலைத்தான் உடைத்துக்கொண்டார் என்று பல பேர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கணுக்காலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உள்பக்கம் பருமனான டிபியா, வெளிப்பக்கம் ஒல்லியான ஃபிபுலா. இரண்டின் நுனியும் சேர்ந்து தலைகீழாகப் பிடித்த கவட்டைபோல நிற்கும். அந்தக் கவட்டைக்குள் பாதத்தின் மேல் எலும்பான டாலஸ் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதுதான் கவட்டையின் இரண்டு முனை. உடலின் முழு எடையும் அந்தச் சின்ன இடத்தின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. கவட்டை கொஞ்சம் அகன்றுவிட்டால் டாலஸ் ஆடும், குருத்தெலும்பு தேயும், சில வருடங்களில் மூட்டுவாதம். ஆகவே உடைந்ததைத் துல்லியமாகச் சேர்க்க வேண்டும். துல்லியமாகச் சேர்க்க வேண்டுமென்றால் திறந்து பார்க்க வேண்டும். திறக்கலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே இல்லை. வீங்கிப்போன, ரத்த ஓட்டம் குறைந்த அந்த மெல்லிய தோலைக் கீறினால் அது மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் உள்ளே இருக்கும் பிளேட் வெளியே தெரியும்.

எலும்பு ஒரு பக்கம் இழுக்கிறது, தோல் மறுபக்கம் இழுக்கிறது. இன்று டாக்டர் அறையில் "டாக்டர், பெருசா கிழிப்பீங்களா, சின்னதா ஓட்டை போட்டே செஞ்சிடலாமா?" என்று வீட்டார் கேட்பதற்குப் பின்னால் இந்த இழுபறிதான் இருக்கிறது. பெரிய கீறல் பழசு, சின்னக் கீறல் புதுசு, புதுசுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படி நேர்கோட்டில் போகவில்லை.

பாட் காலத்தில் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிருமி என்ற ஒன்றே தெரியாத காலத்தில் மூட்டைத் திறந்தால் சாவு என்றுதான் அர்த்தம். இழுத்து, நேராக்கி, தப்பை வைத்துக் கட்டுவார்கள். 1850களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் மாத்தைசன், துணியில் ஜிப்சம் தூளைத் தேய்த்து நனைத்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம்மூரில் மாவுக்கட்டு என்று சொல்லும் சமாச்சாரம்.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டி ஏறிக் கால் உடைந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்தார். காயம் சீழ்பிடிக்காமல் ஆறியது. அடுத்த துணிச்சல் 1877ல். லண்டனில், தோல் கிழியாமல் முழங்கால் சில்லு மட்டும் உடைந்த ஒருவரின் மூட்டை லிஸ்டர் வேண்டுமென்றே திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். நோயாளி செத்தால் லிஸ்டர் மீது வழக்குப் போட வேண்டும் என்று சக மருத்துவர் ஒருவர் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். நோயாளி சாகவில்லை. மூடிய முறிவைத் திறக்கலாம் என்ற கதவு அன்றுதான் திறந்தது.

அந்தக் கதவை அகலமாகத் தள்ளித் திறந்தவர் கய்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஆர்புத்நாட் லேன். 1890களில் அவர் பார்த்த நோயாளிகள் லண்டனின் கூலித் தொழிலாளிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். கட்டுப் போட்டு, எலும்பு 'சேர்ந்து', குணமாகிவிட்டது என்று சீட்டு எழுதி அனுப்பப்பட்டவர்கள். ஆனால் அவர்களால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. கோணலாகச் சேர்ந்த கணுக்காலை வைத்துக்கொண்டு பலகைமேல் ஏறிச் சுமை தூக்க முடியுமா? பி.காம் பாடத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கைத்தான் லேன் மனித உடம்புக்குப் போட்டுப் பார்த்தார். எலும்பு ஒட்டியதா என்பது அல்ல கேள்வி. அந்த ஆள் முன்போலச் சம்பாதிக்கிறாரா என்பதே கேள்வி. இங்கிலாந்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததும் இதே காலத்தில்தான், 1897ல். 1895ல் ரோன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேயும் லேனுக்குச் சாதகமாக அமைந்தது. அதுவரை கட்டுக்குள் 'நேராக' இருப்பதாக நம்பிய எலும்புகளின் லட்சணம் படத்தில் அம்பலமாகிவிட்டது.

லேன் ஸ்க்ரூ போட்டார், பிறகு எஃகுத் தகடு வைத்தார். ஆபரேஷன் செய்யும்போது விரல்கூடக் காயத்தில் படக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. அதற்காகவே நீள நீளமான கருவிகள் செய்துகொண்டார். அவர் கையில் நல்ல பலன் கிடைத்தது. அவரைப் பார்த்துச் செய்தவர்கள் தகட்டை எடுத்துக்கொண்டார்கள், கண்டிப்பை விட்டுவிட்டார்கள். சீழ் பிடித்தது. அந்தக் கால எஃகு உடம்புக்குள் அரித்தும் போனது. ஆபரேஷன் என்றாலே பயம் திரும்பவும் வந்துவிட்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் அல்பின் லம்போட் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். எலும்பைத் தகடு, திருகாணி கொண்டு இணைப்பதற்கு 'ஆஸ்டியோசிந்தெசிஸ்' என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் அவர். வயலின்களைத் தன் கையாலேயே செய்தவரும்கூட. அந்தக் கை எல்லாருக்கும் வாய்க்காதே.

ஆகவே ஊசல் மறுபக்கம் போனது. 1925 டிசம்பரில் வியன்னாவில் லோரன்ஸ் போலர் தொழிலாளர் விபத்துகளுக்கென்றே ஒரு மருத்துவமனையை ஆரம்பித்தார். அதற்குப் பணம் போட்டது தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். தர்மத்துக்கு அல்ல. முறிவுகளை ஒரே இடத்தில், ஒரே முறையில், கணக்கு வைத்துக் கவனித்தால், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டிய ஊனப் பென்ஷன் மிச்சமாகும் என்று போலர் எடுத்துக்காட்டியிருந்தார். அவர் முறை பெரும்பாலும் திறக்காத முறை. இழுவை, மாவுக்கட்டு, கட்டுக்குள் இல்லாத மூட்டுகளுக்கு விடாத உடற்பயிற்சி. லேன் எந்தக் கணக்கைக் காட்டித் திறந்தாரோ, அதே கணக்கைக் காட்டி போலர் மூடிவைத்தார்!

1950ஐ இந்தக் கதையின் நாற்சந்தி என்று சொல்லலாம். அந்த வருடம் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, முறிவுகளைத் திறக்காமல் சேர்ப்பது பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டார். அதே வருடம் டென்மார்க்கின் லாகே-ஹான்சன், கணுக்கால் முறிவுகள் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்தப் பக்கம் முறுக்கியது என்பதைப் பொறுத்து எலும்புகள் ஒரு வரிசையில் உடைகின்றன என்று சோதனை செய்து காட்டினார். உடைந்த வழியிலேயே பின்னோக்கித் திருப்பினால் திறக்காமலே சேர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதே வருடம் மார்ச் 1ஆம் தேதி மோரிஸ் முல்லர் என்ற இளம் ஸ்விஸ் மருத்துவர் பிரஸ்ஸல்ஸில் ராபர்ட் டானிஸைப் பார்க்கப் போனார். டானிஸ் எலும்பைத் திறந்து, தகடு வைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி இறுக்கிவிடுவார். அவருடைய நோயாளிகள் கட்டே இல்லாமல் மூட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்துவிட்டு வந்த முல்லர் சும்மா இருக்கவில்லை. 1958 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் 13 மருத்துவர்கள் கூடி ஏ.ஓ. என்ற குழுவை ஆரம்பித்தார்கள். மாவுக்கட்டில் மாதக்கணக்காகக் கிடந்து மூட்டு இறுகி, சதை சூம்பி, எலும்பு ஒட்டியும் கால் உதவாமல் போவதைத்தான் அவர்கள் எதிரியாகப் பார்த்தார்கள். தீர்வு: திற, துல்லியமாகச் சேர், இறுக்கு, உடனே அசை. இவர்களை லேனின் சீடர்களிடமிருந்து பிரித்துக்காட்டியது தகட்டைவிட நோட்டுப்புத்தகம் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேஸுக்கும் கார்டு, எக்ஸ்ரே, பின்தொடர் பரிசோதனை என்று எல்லாம் ஒரு மையத்துக்கு அனுப்பப்பட்டன. ஒரே அளவில் செய்த கருவிகள், பயிற்சி வகுப்புகள். கருவி விற்பனையிலிருந்து வந்த ராயல்டியை ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். வியாபாரமும் மருத்துவமும் இவ்வளவு ஒழுங்காகக் கைகோத்த கதைகள் குறைவு.

இவர்களுக்குக் கிடைத்த நோயாளிகளையும் பார்க்க வேண்டும். ஸ்விட்சர்லாந்து பனிச்சறுக்கு நாடு. அப்போதைய சறுக்குக் காலணிகள் கணுக்காலை முழுக்கப் பிடிக்காது. விழுந்தால் கணுக்கால் திருகி உடையும். (பின்னாளில் உயரமான கெட்டிக் காலணி வந்ததும் முறிவு கணுக்காலிலிருந்து மேலே ஏறிவிட்டது.) விழுந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், நல்ல ரத்த ஓட்டம் உள்ளவர்கள். முறிவும் முறுக்கினால் வந்தது, நசுங்கியது அல்ல. தோல் தாங்கியது. 1966ல் பெர்ன்ஹார்ட் வெபர் கணுக்கால் முறிவுகளை ஃபிபுலா உடைந்த உயரத்தை வைத்து ஏ, பி, சி என்று பிரித்தார். இன்றும் எலும்பு வார்டுகளில் 'வெபர் பி' என்றுதான் பேச்சு. 1976ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர், டாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42% குறைகிறது என்று இறந்தவர்களின் மூட்டுகளில் அளந்து வெளியிட்டார்கள். திறக்கச் சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா? பிற்பாடு தசைநார்களை அப்படியே வைத்துச் செய்த சோதனைகளில் நிலைமை அவ்வளவு பயங்கரமாக இல்லை. ஆனால் 42 என்ற எண் மட்டும் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை.

திறந்த முறைக்கு அடி விழுந்தது டிபியாவின் அடிப்பகுதியே நொறுங்கும் முறிவுகளில். பிலான் முறிவு என்பார்கள். 1969ல் ருவேடி, ஆல்கோவர் என்ற ஸ்விஸ் மருத்துவர்கள் அதற்கு நான்கு படிகள் கொண்ட திறந்த ஆபரேஷனை விவரித்திருந்தார்கள். முதலில் ஃபிபுலாவின் நீளத்தைச் சரிசெய், பிறகு மூட்டின் பரப்பைச் சேர், பள்ளத்தில் எலும்புத்தூள் நிரப்பு, கடைசியில் தகடு வை. அவர்களுடைய நோயாளிகளில் பெரும்பாலோர் நன்றாக நடந்தார்கள். இதே நான்கு படிகளை அமெரிக்க மருத்துவமனைகள் வரிமாறாமல் செய்தன. ஆனால் அங்கே மேஜைமேல் கிடந்தது பனிச்சறுக்கில் திருகிய கால் அல்ல. கார் மோதியோ, சாரத்திலிருந்து விழுந்தோ நசுங்கிய கால். தோல் கொப்புளித்து, பலூன்போல வீங்கியிருந்த நேரத்தில் நீளமாகக் கீறினார்கள். தோல் கறுத்துச் செத்தது, சீழ் எலும்புக்குள் இறங்கியது. சிலருக்குக் கடைசியில் காலையே எடுக்க வேண்டிவந்தது. எக்ஸ்ரேயில் மட்டும் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது.

ஸ்விஸ்காரர்கள் பொய் சொல்லவில்லை, அமெரிக்கர்களுக்குக் கை வராமலும் இல்லை. ஒரே முறை, வேறு கால்கள். ஒரு முறையின் வெற்றி விகிதத்தைப் படிப்பவர்கள் அது யாருடைய கால் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்த தவறு இது ஒன்றுதான்.

இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, காத்திருப்பது. முதல் நாளே வெளியிலிருந்து கம்பிச் சட்டம் பொருத்திக் காலை நீளத்தில் நிறுத்திவிட்டு, வீக்கம் வடியும்வரை பொறுப்பது. பத்துப் பதினான்கு நாளில் தோலில் சுருக்கம் விழும், அதற்குப் பிறகு திறப்பது. 1999ல் வெளியான ஆய்வுகள் இந்த இரண்டு கட்ட முறையில் தோல் பிரச்சினை வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. கீறல் அதே நீளம்தான், நாள்தான் மாறியது.

இன்னொரு பதில்தான் சின்னக் கீறல். இதற்குத் தேவையான கண் 1950களிலேயே வந்துவிட்டது. ஆபரேஷன் மேஜையிலேயே எலும்பை நேரடியாகத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவி. மனம்தான் தாமதமாக வந்தது. 1990களில் ஏ.ஓ. குழுவுக்குள்ளேயே, குறிப்பாக ஸ்டீபன் பெரன் போன்றவர்களின் ஆராய்ச்சியால், ஒரு மறுபரிசீலனை நடந்தது. எலும்பை உயிரோடு வைத்திருப்பது அதைச் சுற்றியுள்ள சவ்வும் ரத்தக் குழாய்களும். துல்லியத்துக்காக அதையெல்லாம் உரித்துவிட்டு, பளபளவென்று சேர்த்து வைத்தால், சேர்த்து வைத்தது செத்த எலும்பு. அதனால் மேலே ஒரு சின்ன ஓட்டை, கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டு, தோலுக்கு அடியில் தகட்டைச் சுரங்கம்போல நுழைத்து, திரையைப் பார்த்து ஸ்க்ரூ போடும் முறை பரவியது. ஃபிபுலாவுக்கு இன்னும் சின்ன வழி: நுனியில் சிறு துளையிட்டு எலும்பின் உள்ளேயே ஓடும் ஒரு கம்பி. மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் வந்துசேர்ந்தது. 1931ல் மைக்கேல் பர்மன் என்ற அமெரிக்கர், கணுக்கால் இடுக்கு இதற்குத் தோதுப்படாது என்று எழுதிவைத்திருந்தார். 1970களில் ஜப்பானின் வாதனபே மெல்லிய குழாயை வைத்து அதைப் பொய்யாக்கினார்.

சின்னக் கீறலில் தோல் ஜெயித்தது சரி. துல்லியம்? எலும்பைக் கண்ணால் பார்ப்பதும் நிழலைத் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. கவட்டையின் இரண்டு எலும்புகளையும் மேலே கட்டிவைத்திருக்கும் தசைநார்கள் அறுந்தால், ஃபிபுலாவை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைக்க வேண்டும். 2006ல் கார்ட்னர் குழுவினர், இப்படிச் சரிசெய்த 25 கணுக்கால்களை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 13ல் அது சரியாக உட்காரவில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் அதில் பாதிகூடத் தெரியவில்லை. 2012ல் சாகி குழுவினர் இரண்டு முறையையும் நேராகவே ஒப்பிட்டார்கள். திறந்து பார்த்துச் சேர்த்தவற்றில் 15% கோணல். திறக்காமல் சேர்த்தவற்றில் 44%. சின்னக் கீறல்தான் எப்போதும் நல்லது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைப் பேசாமல் தாண்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, சின்ன ஓட்டை வழியே குருட்டாம்போக்கில் கருவி போகும்போது பாதத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

2010களில் கேள்வி மறுபடியும் 'யாருடைய கால்' என்பதில் வந்து நின்றது. இந்த முறை முதியவர்கள். மெல்லிய தோல், பொரபொரத்த எலும்பு, பலருக்குச் சர்க்கரை. ஸ்க்ரூவும் பிடிக்காது, புண்ணும் ஆறாது. எடின்பர்க்கில் 65 வயதைக் கடந்த 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் திறந்து தகடு, பாதிப் பேருக்குச் சிறு துளை வழியே ஃபிபுலா கம்பி வைத்தார்கள். 2016ல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து நடப்பதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. புண் தொற்று மட்டும் கம்பி வைத்தவர்களுக்குத் தெளிவாகக் குறைவு. கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. கம்பியின் விலை தகட்டைவிட அதிகம். ஆனால் புண்ணுக்கும் மறு ஆபரேஷனுக்கும் ஆகும் செலவைச் சேர்த்துப் பார்த்தால், மொத்தச் செலவில் கம்பிதான் சற்று மலிவு. லேனும் போலரும் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பார்கள் :)

அதே 2016ல் பிரிட்டனில் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. இதில் 60 வயதைக் கடந்த 620 பேர். எல்லாருக்கும் கவட்டை நிலையாக நிற்காத முறிவு. பாதிப் பேருக்கு ஆபரேஷன். மீதிப் பேருக்குக் கீறலே இல்லை. மயக்கம் கொடுத்து, எலும்பைக் கையால் சேர்த்து, மிகக் குறைந்த பஞ்சு வைத்துக் காலோடு ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு. அதாவது, மாத்தைசன் கண்டுபிடித்து, போலரும் சார்ன்லியும் கட்டிக்காத்து, ஏ.ஓ. குழு ஓரங்கட்டிய அதே சரக்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நடந்தார்கள். தொற்றும் புண் பிரிவதும் ஆபரேஷன் குழுவில் 10%, கட்டுக் குழுவில் 1%. எக்ஸ்ரேயில் எலும்பு கோணலாகச் சேர்ந்தது ஆபரேஷனில் 3%, கட்டில் 15%. கட்டுப் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, கட்டு நிற்காமல் கடைசியில் ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய் 22 வயது கால்பந்து வீரனின் கணுக்காலுக்குப் பொருத்தினால், பனிச்சறுக்குக் கணக்கை நெடுஞ்சாலை விபத்துக்குப் பொருத்தியவர்கள் பட்ட அதே பாடுதான். அந்தப் பையன் இன்னும் ஐம்பது வருடம் அந்த மூட்டின்மேல் நிற்க வேண்டும். 15% கோணல் அவனுக்குச் சின்ன எண் இல்லை. 78 வயதுப் பாட்டிக்கோ 10% புண் தொற்று சின்ன எண் இல்லை. அந்தப் பெரிய ஆய்வின் மூன்றாண்டுத் தொடர்ச்சி 2018ல் வெளிவந்தது. 620 பேரில் 450 பேர் அதில் தொடர்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் எவ்வளவோ வித்தியாசம் இருந்தும், நடப்பதில் அப்போதும் இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம்.